பக்கவாதத்துக்குப் பிறகு மூளைக்குள் நடப்பது

ஆசிரியருக்கு வணக்கம். பக்கவாதம் பற்றி எழுதும்போது ரத்தக்குழாய் அடைப்போடு நிறுத்தாமல், அப்புறம் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். போன குறுவை நடவு சமயம் அப்பா காபி குடிக்கையில் ஒரு பக்க வாயோரமாக வழிந்தது, டம்ளரும் கை நழுவியது. வாயுப் பிடிப்பு என்று நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டே மதியம் வரை இருந்துவிட்டோம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு என்பது பிறகுதான் தெரிந்தது.

மூளைக்கு ரத்த ஓட்டம் நின்றதும் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. பழுதானதன் மேல் பிங்க்1 என்ற புரதம் சேர்ந்து பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை வரவழைக்கிறது, அது அடையாளம் போட்டதும் செல் அந்த மைட்டோகாண்ட்ரியாவை ஒரு சவ்வுப் பையில் சுற்றி, கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில் சேர்த்துச் செரித்துவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் வருமுன் நம் வாய்க்கால்களைத் தூர்வாருகிறோமே, அது மாதிரி. ஆனால் அளவு மீறித் தோண்டினால் கரை சரியும். இதுவும் மிகையானால் மூளைக்குக் கெடுதல்தான் என்று விலங்கு ஆய்வுகள் சில சொல்கின்றன. இதை வைத்து மருந்து செய்யும் முயற்சி இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதுவரை வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் என்று வாரம் ஒருமுறையாவது போடுங்கள் சார்.

- ஒரு வாசகர், மன்னார்குடி