பிரெண்டா வில்லாவின் வரலாற்றுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நீரில் மிதந்தபடி பந்தெறிந்து கோல் போடும் வாட்டர் போலோ ஆட்டத்தின் அமெரிக்க வீராங்கனை பிரெண்டா வில்லாவின் வாழ்க்கையைத் தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி முடித்துவிட்டேன். நேரம் ஒதுக்கி உதவிய உங்கள் அனைவருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

முதல் நன்றி, கையெழுத்துப் படியைப் படித்துவிட்டுத் தொடக்க அத்தியாயத்தையே திரும்ப எழுதச் சொன்ன நண்பருக்கு உரியது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1980இல் பிறந்த ஒரு பெண், வசதி படைத்தோரின் விளையாட்டில் தன்னந்தனியாகப் போராடி முன்னேறினார் என்றே நான் எழுதியிருந்தேன். "அந்த ஊர்க் குளத்தை எங்கே விட்டீர்கள்?" என்று கேட்டார் அவர். லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே தொழிற்கூடங்கள் நிறைந்த காமர்ஸ் என்னும் சிறு நகரம் தன் பிள்ளைகளுக்காக நடத்திய நீச்சல் குளத்தில், அண்ணனைப் பின்தொடர்ந்து இறங்கிய சிறுமிதான் பிரெண்டா. இன்று அவ்வூரின் நீச்சல் நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பெல் கார்டன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி இல்லாததால் ஆண்கள் அணியில் ஆடியதும், பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று 2002இல் கல்லூரி ஆட்டக்காரருக்கான கட்டினோ விருதைப் பெற்றதும் அந்தக் குளத்திலிருந்து தொடங்கியவை.

ஆட்டத்தின் நுட்பங்களைப் பொறுமையாக விளக்கிய விளையாட்டு வீரருக்கு அடுத்த நன்றி. தரையைத் தொடாமல், கால்களை மாற்றி மாற்றி வட்டமாகச் சுழற்றியே மிதந்துகொண்டு, ஒரே கையால் பந்தைப் பிடித்து எறிய வேண்டும் என்பதை அவர் சொல்லும்வரை நான் உணரவில்லை. ஐந்தடி நான்கு அங்குலம் மட்டுமே இருந்த பிரெண்டா, தம்மைவிட உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கிடையே எப்படி ஆடினார் என்று நான் எழுதிய பக்கங்கள் பெரும்பாலும் அந்த வீரர் தந்தவையே.

ஒலிம்பிக் அத்தியாயத்தை வரிக்கு வரி சரிபார்த்தவருக்கு என்ன கைம்மாறு செய்வேன்? மகளிர் வாட்டர் போலோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற 2000ஆம் ஆண்டில், ஆட்டம் முடிய இரண்டு நொடிகூட இல்லாதபோது விழுந்த கோலால் அமெரிக்க அணி இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 4-3 எனத் தோற்றது. 2004இல் ஏதென்ஸில் வெண்கலம். 2008இல் நெதர்லாந்திடம் 9-8 என மீண்டும் இறுதியில் தோல்வி. இத்தனைக்கும் பிறகு 2012இல் லண்டனில் ஸ்பெயினை 8-5 என வென்று, தலைவியாக நான்காவது ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றது எனப் பன்னிரண்டு ஆண்டுகளின் கதை அது. பதக்கத்தைவிட அந்தக் காத்திருப்பே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. சரிபார்த்த அந்த நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, வாதம் இன்னும் முடியவில்லை.

இத்தாலியின் கத்தானியா நகரில் பிரெண்டா ஆடிய காலத்துக்கான இத்தாலியச் செய்திகளை மொழிபெயர்த்தவருக்கும், மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் நன்றி. நூல் அச்சாகிய மறுநாளே இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்பருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். இரண்டும் எண் பிழைகள், இரண்டும் என் கவனக்குறைவால் நேர்ந்தவை, இரண்டும் அடுத்த பதிப்பில் திருத்தப்படும்.