ஏஐ கற்றுக்கொண்டது யார் எழுதியதில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இனி புரோகிராமர்கள் டாக்குமென்டேஷன் (ஒரு கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அதை உருவாக்கியவர்கள் எழுதும் விளக்கம்) படிக்க வேண்டியதில்லை, ஏஐயிடம் கேட்டாலே போதும் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. பன்னிரண்டு வருடமாக வெப் டெவலப்மென்ட் வேலையில் இருக்கிறேன், தினமும் ஏஐ பயன்படுத்துகிறவன்தான், ஆனாலும் அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு சின்ன வேலைக்கு எங்கள் டீமில், வெப் பக்கங்கள் உருவாக்க உதவும் ஸ்வெல்ட் என்ற கருவியை எடுத்தோம். 2024 அக்டோபரில் வந்த அதன் 5ஆம் பதிப்பில் கோட் எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள், மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மதிப்பைக் குறிக்க முன்பு வெறும் 'லெட்' போட்ட இடத்தில் இப்போது 'டாலர் ஸ்டேட்' சேர்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான பெண் ஒருத்தி ஏஐயிடம் கேட்டு ஒரு பக்கத்தை எழுதி வாங்கினாள். மேல் பாதி புதிய முறை, கீழ்ப் பாதியில் டாலர் குறியும் முக்காற்புள்ளியும் போட்ட பழைய முறை. ஒரே கோப்பில் இரண்டும் கலந்தால், எழுதிய கோடைச் சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலர் ஏற்காது. பிழைச் செய்தியை மறுபடி ஏஐயிடமே கொடுத்தாள், மன்னிப்புக் கேட்டுவிட்டு இந்தத் தடவை முழுவதையும் பழைய முறையில் தந்தது. சாப்பாட்டு நேரம் வரை இதேதான். அப்புறம் ஸ்வெல்ட் தளத்தில் இந்த மாற்றத்தை விளக்கும் பக்கத்தைத் திறந்து இருவரும் உட்கார்ந்து படித்தோம், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கிளம்பும்போது அவள் கேட்டாள்: "அண்ணா, ரியாக்ட்லயே பண்ணியிருக்கலாமே, அதுன்னா ஏஐ ஒழுங்கா எழுதுமே?"

எனக்குப் பயம் அந்தக் கேள்வியில்தான். ரியாக்ட்டும் ஸ்வெல்ட் போன்ற கருவிதான், 2013இல் வெளியானது, அதைப் பற்றிப் பத்து வருடத்துக்கு மேலாக எழுதிக் குவித்திருக்கிறார்கள், அதனால் ஏஐக்கு அது நன்றாக வருகிறது, நன்றாக வருவதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள், மறுபடி அதைப் பற்றியே எழுதுகிறார்கள். நேற்று வந்த ஒரு நல்ல கருவி இதற்குள் எப்படி நுழையும்? ரியாக்ட்டிலும் பழசுதான் மேலே வருகிறது. ரியாக்ட்டில் புது வேலையைத் தொடங்க உதவும் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' இனி வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது, அதன் பிறகும் அதை நிறுவச் சொல்லும் ஏஐ பதில்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஏஐ கற்றுக்கொண்ட இந்த எழுத்தெல்லாம் யாருடையது? புரோகிராமர்கள் ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ராத்திரி கண் விழித்து பதில் எழுதியவர்களில் நானும் ஒருவன், காசுக்காக எழுதவில்லை. 2024 மே மாதம் அந்தத் தளம் தன்னிடமுள்ள பதில்களைத் தர, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டபோது, எதிர்ப்புத் தெரிவித்துத் தங்கள் சொந்தப் பதில்களை அழித்த சிலரின் கணக்குகளைக்கூடத் தற்காலிகமாக முடக்கினார்கள். எழுதியவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெப் பக்கங்களின் தோற்றத்தை அமைக்க உதவும் டெயில்விண்ட் என்ற கருவியின் கதை இதைவிட வருத்தமானது. அதை இலவசமாகத்தான் தருகிறார்கள், டாக்குமென்டேஷன் படிக்க வருகிறவர்கள் அங்கே விற்கும் டிசைன்களைப் பார்த்து வாங்குவதில்தான் வருமானம். ஏஐ வந்த பிறகு டெயில்விண்ட் பயன்பாடு முன்பு எப்போதையும்விட அதிகம், ஆனால் தளத்துக்கு வருகிறவர்கள் 2023 தொடக்கத்தைவிட 40 சதவீதம் குறைந்துவிட்டார்கள், வருமானம் 80 சதவீதம் போய்விட்டது என்று அதை உருவாக்கிய ஆடம் வாதன் 2026 ஜனவரியில் சொன்னார். நாலு இன்ஜினியர்களில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஏஐ படிக்க வசதியாக டாக்குமென்டேஷனை ஒரே கோப்பாகத் தாருங்கள் என்று ஒருவர் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதைச் சொன்னார்.

அடுத்த முறை ஏஐ பற்றி எழுதும்போது இந்தப் பக்கத்தையும் எழுதுங்கள் ஐயா. இந்த எழுத்தை எடுத்துச் சம்பாதிக்கும் கம்பெனிகள் எழுதியவர்களுக்கு என்ன தரப்போகின்றன என்றும் கேளுங்கள். எங்கள் டீமில் ஸ்வெல்ட் பிரச்சினையையும் தீர்வையும் பொதுவில், அவள் பெயரோடு எழுதும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். பாதி எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை