மங்கலான மண்டலங்களும் செய்திதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றிய செய்திகளில் 'மிகத் தொலைவான', 'மிகப் பிரகாசமான' விண்மீன் மண்டலங்களே தலைப்பாகின்றன. எண்ணிக்கையில் மிகுந்த சின்னஞ்சிறு மண்டலங்களைப் பற்றி அபூர்வமாகவே படிக்கிறோம். முதல் 100 கோடி ஆண்டுகளில் பிரபஞ்சத்தின் போக்கை மாற்றியதில் இவற்றின் பங்கு பெரிது என்றே சான்றுகள் காட்டுகின்றன.

பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் ஹைட்ரஜன் நடுநிலை அணுக்களாக அடங்கிவிட்டது. அதை மீண்டும் அயனியாக்க, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க, 91.2 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புறஊதா ஒளி வேண்டும். ஏபெல் 2744 என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் ஈர்ப்பு வில்லை (பின்னாலுள்ளவற்றின் ஒளியை ஈர்ப்பால் வளைத்துப் பெருக்கிக் காட்டுவது) வழியாகத் தெரிந்த 8 மங்கல் மண்டலங்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான முடிவு: முன்பு கருதியதைப் போல் சுமார் 4 மடங்கு அயனியாக்கும் ஒளியை அவை உமிழ்கின்றன. அதில் 5 சதவீதம் மண்டலத்துக்கு வெளியே கசிந்திருந்தாலே பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனை மீண்டும் அயனியாக்கப் போதுமாம்.

சிறிய மண்டலம் சீராக வளர்வதில்லை. ஒளி உமிழாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் கரும்பொருளின் குவியலுக்குள் வாயு குளிர்ந்து விண்மீன்கள் பிறக்கும். சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே பெருநிறை விண்மீன்கள் வெடிக்கத் தொடங்கும். ஈர்ப்பு பலவீனம் என்பதால் வாயு வெளியே தள்ளப்பட்டு, விண்மீன் பிறப்பு நின்றுபோகும். வாயு திரும்ப விழுந்தால் மீண்டும் தொடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை அளக்கவும் வழி உண்டு. ஹைட்ரஜன் வாயு உமிழும் ஒரு சிவப்பு ஒளியான ஹைட்ரஜன்-ஆல்ஃபா கோடு கடந்த ஒரு கோடி ஆண்டுக்குள் பிறந்தவற்றைக் காட்டும். புறஊதா ஒளியோ சுமார் 10 கோடி ஆண்டுகளின் சராசரி. முதலாவது ஓங்கி நின்றால் மண்டலம் இப்போதுதான் எழுச்சியில் இருக்கிறது. எழுச்சியின்போதுதான் அது நம் கண்ணில் படும் அளவு ஒளிரும். அடங்கிக் கிடப்பவை கணக்கிலேயே வராமல் போகும். சராசரி எடுக்கும்போது இதை மறந்தால் முடிவு பிசகும்.

பிற்பாடு புறஊதா ஒளி வெளியெங்கும் வாயுவைச் சுமார் 10,000 டிகிரிக்குச் சூடாக்கியதும், மிகச் சிறியவற்றால் புது வாயுவை ஈர்க்க முடியவில்லை. பால்வீதியைச் சுற்றும் மிக மங்கலான குறுமண்டலங்கள் சில அப்படி நின்றுபோனவையாகவே தெரிகின்றன. அவற்றின் விண்மீன்களில் பெரும்பாலானவை 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை.

தொலைவு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வடிகட்டிகள் வழியாகக் கிடைக்கும் நிறத்தை வைத்துச் செய்யும் மதிப்பீடு ஏமாற்றும். சீயர்ஸ்-93316 என்ற மண்டலத்தின் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு; அதிகமானால் தொலைவும் அதிகம்) முதலில் சுமார் 16 என்றார்கள். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை எடுத்ததும் 4.9 என்று ஆனது. தூசியும் குறிப்பிட்ட அலைநீளங்களில் வாயு உமிழும் வலுவான உமிழ்வுக் கோடுகளும் சேர்ந்து அதைத் தொலைவானதாகக் காட்டிவிட்டன. வில்லையின் உருப்பெருக்கமும் அப்படித்தான்: 20 மடங்கு என்று கருதியது உண்மையில் 10 என்றால், மண்டலத்தின் இயல்பான ஒளி கணக்கிட்டதைவிட இரு மடங்காகிவிடும்.

எனவே இத்தகைய செய்தியை வெளியிடும்போது, செம்பெயர்ச்சி நிறமாலையால் உறுதியானதா, நிற மதிப்பீடுதானா, வில்லை எத்தனை மடங்கு பெருக்கியது என்ற மூன்றையும் ஒரு வரியிலாவது சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்