ஹெப்டேன் மட்டும் வராது: பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேதியியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். உர்ட்ஸ் வினையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உலர் ஈதரில் சோடியத்தோடு ஒரே ஒரு ஆல்கைல் ஹாலைடைச் (கார்பன் தொகுதியோடு புரோமின் போன்ற ஹாலஜன் இணைந்த சேர்மம்) சேர்த்தால், அந்தத் தொகுதிகள் இரண்டிரண்டாக இணைந்து சமச்சீரான ஆல்கேன் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பன்) கிடைக்கும். 1855 முதல் தெரிந்த விஷயம், அதில் எனக்கு வழக்கில்லை.

அண்மையில் ஒரு தேர்வில் 1-புரோமோபுரோப்பேனையும் 1-புரோமோபியூட்டேனையும் கொடுத்து, சோடியத்துடன் என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். முதலாவதில் மூன்று கார்பன், இரண்டாவதில் நான்கு. என் மாணவி ஹெக்சேன் (3+3), ஹெப்டேன் (3+4), ஆக்டேன் (4+4) மூன்றையும் எழுதினாள். விடைக்குறிப்பில் ஹெப்டேன் மட்டும். மதிப்பெண் போனது. கேட்டால், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள்.

குடுவைக்குள் அப்படி இல்லையே ஐயா! எந்த ஆல்கைல் தொகுதி எதோடு சேர வேண்டும் என்று சோடியம் பார்ப்பதில்லை. இரண்டு ஹாலைடையும் சம மோல் எடுத்து, இரண்டும் ஒரே வேகத்தில் வினைபுரிவதாகவே வைத்துக்கொண்டாலும் ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன் விகிதம் 1:2:1. வரும் ஆல்கேன்களில் ஹெப்டேன் பாதிதான். அதையும் 69, 98, 126 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் மூன்று திரவங்களின் கலவையிலிருந்து வடித்துப் பிரிக்க வேண்டும். இதைப் புரிந்து எழுதியவளுக்குத்தான் பூஜ்யம்.

மூவிணைய ஹாலைடு (ஹாலஜன் தாங்கும் கார்பனோடு வேறு மூன்று கார்பன்கள் இணைந்தது) என்றால், ஹைட்ரஜனும் ஹாலஜனும் வெளியேறும் நீக்க வினை முந்திக்கொண்டு, இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் வந்துவிடும். அதற்கும் பல புத்தகங்களில் ஒரு வரி கிடையாது. அப்புறம் கோரே-ஹவுஸ் முறை. இரண்டு வேறு தொகுதிகளை ஒழுங்காக இணைக்க வந்ததே அதுதான். அதில் ஒரு தொகுதியைத் தாங்கி வரும் செம்புச் சேர்மமான குப்ரேட்டோடு சேரும் ஹாலைடு ஓரிணையதாக (ஹாலஜன் தாங்கும் கார்பனோடு வேறு ஒரே ஒரு கார்பன் இணைந்ததாக) இருப்பது நல்லது, மூவிணையமானால் அங்கேயும் நீக்க வினைதான். பிள்ளைகளோ காரணம் தெரியாமல் சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். எது நடக்காது என்பதைச் சொல்லாமல் வேதியியல் கற்பித்தோம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் புத்தகத்துக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் யாரை நம்புவார்கள்?

சரி, கோபத்தில் விலகிப் போய்விட்டேன், பொறுத்தருள்க. அடுத்த பதிப்பில் இரண்டு வேறு ஹாலைடுகள் சேரும் கலப்பு உர்ட்ஸ் வினைக்கு மூன்று விளைபொருள்களையும் அச்சிடுங்கள். அதுவரை, மூன்றையும் எழுதும் மாணவர்களுக்கு முழு மதிப்பெண் தரும்படி விடைத்தாள் திருத்துவோருக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டுகிறேன்.

பணிவுடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்