அன்புள்ள திரிவேணி

அன்புள்ள கமலா,

பினாங்கு வந்து ஐந்து வாரம் ஆகியும் ஒரு வரி எழுதவில்லை என்று வித்யாவிடம் போனில் பொரிந்து தள்ளினாயாம். தப்புதான். எல்லாரும் நலம். என் முட்டிவலியும் நலம்.

இப்போது எழுதுவது உன்னிடம் மன்னிப்புக் கேட்க. சிரிக்காதே. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார், ரசம், மோர்க்குழம்பு மூன்றையும் ஒரே சோற்றில் கொட்டிப் பிசைவாயே, அதற்காக உனக்கு நான் வைத்த "திரிவேணி" என்ற பட்டப்பெயரை இன்றைக்கு வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சாப்பிடப் போனோம். நம் தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பித்து வைத்தது. தோளில் காவடி மாதிரி கம்பு, ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு, அப்படித்தான் அந்தக் காலத்தில் சுமந்து விற்றார்களாம். அந்தக் கம்புதான் கண்டார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சீனப் பையன் "பஞ்சிர்" என்றான். பரிமாறுகிறவர் கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, இன்னும் ஏதேதோ சட்டிகளில் ஒவ்வொரு கரண்டி மொண்டு ஊற்றிக்கொண்டே போனார். சோறு முங்கிவிட்டது. பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளமாம்! நீ என்றைக்கோ கண்டுபிடித்ததை இங்கே வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்குகிறார்கள், கமலா.

என் முறை வந்ததும், "மாட்டுக்கறிக் குழம்பு மட்டும் வேண்டாம் தம்பி" என்றேன். "பொட்டைப் பார்த்தாலே தெரியுதேம்மா" என்றார். பேச்சில் ராமநாதபுரம். தட்டில் வழக்கம்போல வரப்பு கட்டினேன், கோழிக்கு இந்தப் பக்கம், வெண்டைக்காய்க்கு அந்தப் பக்கம் என்று. நாலாவது வாயில் வரப்பு உடைந்தது. எது எந்தக் குழம்பு என்று நாக்கு தேடுவதை விட்ட பிறகுதான்டி ருசியே தெரிந்தது. ஒரே குறை, விலைப்பலகை கிடையாது. தட்டை ஒரு பார்வை பார்த்துத் தொகையைச் சொல்கிறார், நாம் தலையாட்ட வேண்டியதுதான்.

வித்யா வீட்டு அடுப்பு கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளக்கிறது. காலையில் கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ. கேட்டால், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் என்று இவர்கள் பசியாறுவதை 2024-இல் யுனெஸ்கோவே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று அம்மாவுக்கே பாடம் எடுக்கிறாள். நாற்பது வருஷம் விடிகாலையில் இட்லிப் பானை ஏற்றியவளுக்கு எந்தப் பட்டியலில் இடம்? முதல் வாரம் கோபமாக வந்தது. இப்போது நானே ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். உனக்காக ஒரு மந்திரம் கற்று வைத்திருக்கிறேன்: "தே ஓ கொசோங்". பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. உன் டாக்டர் சந்தோஷப்படுவார்.

அப்புறம், போன வாரம் அசாம் லக்சா சாப்பிட்டோம். புளி போட்ட மீன் குழம்பில் நூடுல்ஸ், அவ்வளவுதான் என்று அலட்சியமாக உட்கார்ந்தேன். அதில் ஏதோ ஒரு பூவை அரிந்து போடுகிறார்கள், அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. எங்கள் மேசையிலேயே ஒரு சீனப் பாட்டி, எண்பது வயது இருக்கும், தனியாக வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு ராத்திரியில் டீயும் ரொட்டியுமாக ஓட்டுகிறாயாமே, உன் மருமகள் சொன்னாள். ஒருத்திக்காக எதற்கு உலை வைக்க வேண்டும் என்கிறாயாம். சரி, வைக்காதே. வெளியே போய்ச் சாப்பிடேன். சொல்வது சுலபம், தெரியும். நம் ஊரில் தனியாகப் போய் உட்கார்ந்தால் "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலை போடுவார்கள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நானும் ஒரு நாள்கூட உள்ளே உட்கார்ந்ததில்லை, பார்சல்தான்.

18-ஆம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். மறுநாள் மத்தியானம் எதுவும் சமைத்து வைக்காதே. ஆட்டோவில் வந்து கூட்டிப் போகிறேன், ஏதாவது ஒரு ஹோட்டல். கேட்கிற சர்வர் கேட்கட்டும். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு எல்லாவற்றையும் என் இலையில் நீயே ஊற்று. நான் வரப்பு கட்டமாட்டேன்.

உன்,
சரோஜா