கூட்டுத்தொகை ஏன் பெருகியது?

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்கிவிட்டது; கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் காத்துக் கிடக்கின்றன.

கணினியில் எடுக்கும் மண்டிக் கணக்கில் விவசாயிகளின் முன்பணம் மும்மடங்காக வருகிறது என்று எழுதியிருந்தாய். மென்பொருள்மேல் பழி போடாதே. ஒரு விவசாயி மூன்று லோடு இறக்கி, இரண்டு முறை முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று வை. விவசாயி டேபிளோடு (பட்டியலோடு) லோடு டேபிள், முன்பண டேபிள் இரண்டையும் ஒரே வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே கேள்வியில், ஜாயின் செய்தால் (இணைத்தால்) ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு முன்பணத்தோடும் ஜோடி சேரும். மூன்றும் இரண்டும் ஐந்தாகாது, ஆறு வரிசையாகும். அவர் வாங்கிய 15,000 ரூபாய் 45,000 ஆகும். இறக்கிய 9 டன் 18 டன் ஆகும். இந்த லோடுக்குத்தான் அந்த முன்பணம் என்று யாரும் சொல்லவில்லை. டேபிளுக்கு அது எப்படித் தெரியும்? இல்லாத உறவை ஜாயின் காட்டிவிடும் ஆபத்தை, இப்படி டேபிள்களாகத் தரவை வைக்கும் முறையை முன்வைத்த, ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே சுட்டியிருக்கிறார்.

ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. கூட்டும்போது அதைப் போட்டால், ஒரே எடையில் வந்த இரண்டு லோடுகளில் ஒன்று காணாமல் போகும். பிறகு விவசாயி உன் வாசலில் வந்து நிற்பார். லோடுகளை விவசாயி வாரியாகத் தனியே கூட்டு. முன்பணத்தையும் அப்படியே கூட்டு. ஆளுக்கு ஒரு வரிசையாகச் சுருங்கிய பிறகு இணை.

இந்தப் பருவத்தில் லோடே போடாதவரும் பட்டியலில் வேண்டுமென்றால், ஜோடி கிடைக்காத விவசாயியையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயின் போடு. பருவத்தைக் குறிக்கும் தேதி நிபந்தனையை, இணைத்த பின் வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் வைக்காமல், ஜோடி சேர்க்கும் விதியைச் சொல்லும் 'ஆன்' (ON) பகுதியில் வை. இல்லாவிட்டால் அவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுவார்கள்.

மாவட்டப் பெயரை வைத்து இணைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடு, குறியீட்டு எண்ணை வை. 1965-இல் சேலத்திலிருந்து உங்கள் தர்மபுரி பிரிந்தது. 2004-இல் உங்களிடமிருந்து நாங்கள் பிரிந்தோம். பழைய பதிவுகளில் எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள்!

மாற்றி எழுதியதும் இரண்டு மூன்று விவசாயிகளின் ரசீதுகளைக் கையால் கூட்டி ஒப்பிட்டுவிட்டுப் பதில் போடு. வரத்து ஓய்ந்ததும் அம்மாவைப் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்