பேரன் கேட்ட வருஷங்கள்

2025 நவம்பர் 6

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். ஐப்பசி மழையில் பின்வாசல் முருங்கை சாய்ந்துவிட்டது, மற்றபடி சேதம் இல்லை. சித்தப்பா வீட்டுப் பையன் சனிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் இரண்டு கிலோ கருப்பட்டியையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். நீ எடுத்தால்தானே சொல்ல முடியும்? மூன்று வாரமாக ‘மீட்டிங்’ என்று ஒரே வார்த்தை வருகிறது. அதை அனுப்புவது நீயா மருமகளா என்றுகூடத் தெரியவில்லை. சரி, வேலை இருக்கும். குறையாகச் சொல்லவில்லை.

பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்களாம். ஐந்து தலைமுறை வேண்டும், பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் வேண்டும் என்றான். “ஆச்சி, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றான். எனக்குத் தெரிந்தது உன் பூட்டன் வரைக்கும்தான், அதுவும் வருஷம் இல்லாமல். அதனால் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

கல்லறைத் திருநாள் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வழக்கம்போல அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சபை ஐயர் ஜெபம் முடிந்ததும் வந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் எதிர்வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனேன். பழைய கல்லை உச்சி வெயிலில் படிக்கவே முடியாது. காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். மரத்தடிக் கல்லுக்கு, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினோம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று தடுத்தேன், பாசியோடு எழுத்தும் போய்விடும். தண்ணீர் தெளித்துத் துணியால் ஒற்றினாலே போதும், மங்கின எழுத்து கொஞ்ச நேரத்துக்கு எழும்பி வருகிறது.

நம் முன்னோரில் மிஷன் ஊழியராக இருந்த உபதேசியார் கல் மேற்குச் சுவர் ஓரம், உடைமரத்தடியில் இருக்கிறது. ஒவ்வொரு ஆடிக்காற்றுக்கும் தேரி மண் வந்து மூடி, பாதிக் கல் உள்ளே போயிருந்தது. கையால் அரை முழம் தோண்டினோம். மேல் வரியில் புள்ளியே இல்லாத எழுத்து. அதன் கீழே ௧௮௭௭ ௵ என்று தமிழ் இலக்கம். பேரனுக்கு எழுதிக் காட்டு: ௧ என்றால் 1, ௮ என்றால் 8, ௭ என்றால் 7, கடைசியில் இருக்கிற குறி வருஷத்துக்கு. 1877, தாது வருஷப் பஞ்சம் நடந்த காலம். முதலூரிலிருந்து அவரை மிஷனில் இங்கே அனுப்பினார்கள் என்று ஆச்சி சொல்லுவார்களே, அவர்தான். முதலூர் 1799இல் இந்தப் பக்கத்து முதல் கிறிஸ்தவ ஊராக உண்டானது, பெயரே அதனால் வந்தது என்றும் அவனுக்குச் சொல்.

சபையின் சேகர ஆபீஸில் ஐயரிடம் கேட்டு அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். தாள் தொட்டால் உதிர்கிறது. மற்ற மாதங்களில் பக்கத்துக்குப் பக்கம் இடைவெளி விட்டு எழுதியிருக்கிறார்கள். அவர் இறந்த மாதத்தில் மட்டும் ஒரே நாளில் ஐந்து பெயர், ஆறு பெயர், காரணம் என்ற இடத்தில் வாந்திபேதி, வாந்திபேதி என்று வரிசையாக. எழுதினவர் கை தளர்ந்து எழுத்து சாய்ந்துகொண்டே போகிறது. அந்த வரிசையில் உபதேசியாரும் ஒருவர். வயது 39. அவருக்காவது கல் இருக்கிறது. மற்றவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அவரிடமிருந்து கீழே இறங்கி வர முன்னெழுத்துதான் வழி. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. ஒருவருடைய பெயரின் முதல் எழுத்து மகனுடைய கல்லில் பெயருக்கு முன்னால் நிற்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். ஆனால் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வரும். அதில்தான் ஒரு மணி நேரம் குழம்பினேன். பூட்டன் கல்லில் இன்னொரு சிக்கல். அவர் இறந்தது 1944. கல்லில் லை, னை எல்லாம் இப்போது நாம் எழுதுகிற மாதிரி இருக்கிறது. முன்பு அந்த எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு இருக்கும், 1978இல்தானே அரசாங்கம் அதை எடுத்தது? அப்படியென்றால் கல் பிற்பாடு வைத்தது, வைத்தவர்கள் ஞாபகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். கல்லில் பிறப்பு 1893. ஞானஸ்நானப் பதிவேட்டில் 1895. நான் பதிவேட்டைத்தான் எடுத்துக்கொண்டேன்.

பெண்களைத் தேடினால் மனம் கஷ்டப்படுகிறது. ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் போட்டுப் பெயரையே விட்டுவிட்ட கல் மூன்று பார்த்தேன். உபதேசியார் மனைவி பெயரைப் பதிவேட்டில் கண்டுபிடித்துத் தாளில் எழுதியிருக்கிறேன். பேரன் மரத்தில் அதை விட்டுவிடக் கூடாது.

நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உன்னையும் இடையன்குடிக்குக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? கால்டுவெல் ஐயரைக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் பண்ணியிருப்பதைப் பார்த்துவிட்டு, 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள் என்று கேட்டாய். எல்லாப் பிள்ளைகளும் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ மட்டும் கேட்டாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இன்றும் இருக்கிறது. அவ்வளவு கேள்வி கேட்ட பிள்ளை, தன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்கிறாய்.

பேரனுக்கு எழுதின தாளில் வருஷத்தை மட்டும் எழுதினேன், வயதை எழுதவில்லை. அவன் கணக்கில் கெட்டிக்காரன், கழித்துப் பார்த்துவிடுவானோ என்று இருக்கிறது. நீயே பார்த்துக்கொள். ஓட்டன், அதாவது பூட்டனின் அப்பா, 1868, 1914. பூட்டன் 1895, 1944. தாத்தா 1922, 1973. அப்பா 1951, 2004. வயது 46, 49, 51, 53. ஆச்சிமார் எல்லோரும் எண்பது தாண்டியவர்கள். ஓட்டனுக்குப் பதிவேட்டில் ‘மார்வலி’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பூட்டன் பதநீர் காய்ச்சுகிற விடிலி வாசலில் விழுந்தவர். தாத்தா திசையன்விளைச் சந்தையில் சாக்கின் மேல் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நம் வீட்டில் இதை எப்படிச் சொல்லுவார்கள்? “நம்ம குடும்பத்து ஆம்பிளைகளுக்கு நல்ல சாவு, பாயில் கிடக்காமல் போவார்கள்.” நானும் வாழ வந்த வீட்டில் கேட்டுக் கேட்டு அதையே சொன்னேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். நான்கு கல்லையும் ஒரே காலையில் படித்தபோதுதான் அது சாவைப் பற்றின பேச்சே இல்லை, வியாதி என்று புரிந்தது.

அதில் இரண்டு கல்லில் உன் பெயர் இருக்கிறது ஐயா. உன் முழுப்பெயர். ஈரத்துணியால் ஒற்ற ஒற்ற ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. எனக்குக் கை ஓடவில்லை. எதிர்வீட்டுப் பெண் துணியை வாங்கிக்கொண்டாள். மாசி வந்தால் உனக்கு 45.

போன மாதம் வீடியோவில் பேசும்போது இடது தாடையைத் தடவிக்கொண்டே இருந்தாய். தோளையும் இரண்டு தடவை அழுத்திவிட்டாய். பல்வலியா என்று கேட்டேன். நீ எரிச்சல்பட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு முகமே காட்டவில்லை. நான் அதைக் கேட்டது தப்பு என்றால் தப்புதான். ஆனாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடு. மருமகளைத் திட்டாதே, நான் வற்புறுத்திக் கேட்டதால்தான் சொன்னாள்: ஆபீஸ் மெடிக்கலில் தகப்பனாருக்கு இதய நோய் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாயாம். அப்பா தூக்கத்தில் போனவர்தானே என்றாயாம்.

அப்பா தூக்கத்தில் போகவில்லை.

இருபத்தொரு வருஷமாக நான் சொன்ன பொய் அது. அன்றைக்குக் கோயிலில் அசனம். சாப்பிட்டு வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல்வயிறு எரிகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். காற்று அப்படி அடிக்கிறது, அவருக்கு வியர்வை. துண்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. தாடை இழுக்கிறது என்றார். கையால் தடவிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டரை இருக்கும், “பெரிய வீட்டில் காரைக் கேட்டுப் பார்ப்போமா?” என்றார்.

கேட்டவர் அவர். கிணற்று வழக்குக்குப் பிறகு அவர்களோடு பேச்சு இல்லை, உனக்குத் தெரியும். அந்த வாசலில் நடுராத்திரி போய் நின்று கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. “விடியட்டும், முதல் பஸ்ஸில் போவோம்” என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற மனுஷரா அவர்? நாலரைக்கு என் தோளில் சாய்ந்தார். அப்போது ஓடினேன் பெரிய வீட்டுக்கு. கதவைத் தட்டின உடனே அந்த அண்ணாச்சி சட்டைகூடப் போடாமல் காரை எடுத்தார். அவர் இன்றைக்கு வரை ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை. தெற்கே திருப்பம் தாண்டும் முன்பே திரும்பச் சொல்லிவிட்டேன்.

நீ சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, “கஷ்டப்பட்டாரா அம்மா?” என்று கேட்டாய். உனக்கு 23 வயது. உன் முகத்தைப் பார்த்து, “இல்லையய்யா, தூக்கத்திலேயே” என்று சொல்லிவிட்டேன். உன் மனதுக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எனக்காகவும்தான் சொன்னேன். கல் வெட்ட வந்த ஆசாரி என்ன எழுத வேண்டும் என்று கேட்டபோது, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றேன். அந்தத் தோட்டத்தில் முக்கால்வாசிக் கல்லில் அந்த வார்த்தைதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அந்த வார்த்தைக்குப் பின்னால் இருந்துகொண்டேன்.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும். போன் எடுக்காமல் இன்னும் மூன்று மாதம் இரு, பரவாயில்லை. ஆனால் டாக்டரிடம் போய்விடு. டி.வி.யில் ஒரு இதய டாக்டர் சொன்னார், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால் வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டுமாம். வலி நெஞ்சில்தான் வரும் என்று இல்லை, தாடையில் வரும், கையில் வரும், வாயு மாதிரியும் வருமாம். படுத்துக்கொண்டு எடுக்கிற இ.சி.ஜி. சரியாக இருந்தால் மட்டும் போதாதாம். உன்னிடம் கார் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, ஆபீஸே செலவு கொடுக்கிறது. யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். போய்விடு ஐயா. பேரன் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது பேரனுக்கு. டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அப்பா, 53 வயது, மாரடைப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது, விடியற்காலை நாலரைக்கு முடிந்தது. தாடை வலி, வியர்வை இரண்டும் இருந்தது. உடன் இருந்தது அம்மா.

அம்மா